கலெக்டரைக் காணவில்லை

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அம்மாவும் நானும் கரட்டூர் போய்வந்தோம். எனக்கு மாமனார் ஆகப்போகிற நாச்சிமுத்து மாமாவும் சரசு அத்தையும் நாளைக்குக் காசி கிளம்புகிறார்கள். வழியனுப்பப் போன இடத்தில் மாமா என் கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தார். சங்கிலியின் மறுமுனையில் கலெக்டர் இருந்தது.

கலெக்டர் என்பது நாயின் பெயர். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம், சிவந்த மூக்கு, என் இடுப்பளவு உயரம். பெயர்க் காரணத்தை மாமாவே சொன்னார். “என்ற பொண்ணு சின்னதுலிருந்தே கலெக்டர் ஆவறேன், கலெக்டர் ஆவறேன்னு ஒரே பாட்டுங் மாப்ள. செரி, ஊட்டுல ஒரு கலெக்டர் இருந்துட்டுப் போகுதுன்னு நாயிக்கு வெச்சுப்போட்டேன்.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எனக்கு நிச்சயமாகியிருக்கும் அவர் மகள் வாணி மட்டும் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கூச்ச சுபாவம்.

நாயை என்னிடம் விடலாம் என்பது வாணியின் யோசனையாம். “பொறுப்பான ஆளான்னு நீங்களும் பாத்த மாதிரி ஆச்சுங்கப்பா” என்றாராம். என்மேல் இவ்வளவு நம்பிக்கை இருக்குமென்று நான் நினைக்கவில்லை. பெண் பார்த்த அன்று பேசிய நாலு வார்த்தையோடு சரி.

மாமா கடைசியாகச் சொன்னது இது: “கலெக்டருக்குப் பொள்ளாச்சில சோடி பாத்து வெச்சிருக்குது. பெரிய எடம். நாயைத் தொலச்சவனுக்குப் பொண்ணையும் குடுக்கமாட்டேன், பாத்துக்குங்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. எனவே விளையாட்டுக்குச் சொன்னதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளன். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது வேலை. எங்கள் ஊரான கோபியில் எந்தக் கேட்டுக்குப் பின்னால் எந்த நாய் இருக்கிறது, எது குரைக்கும், எது குரைக்காமல் வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இடது கெண்டைக்காலில் அதற்கான சான்றுகளும் உண்டு. நாய் என்றால் எனக்குப் பயம் என்பதை மாமாவிடம் சொல்லவில்லை. வாணியிடமும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

வேப்பமரத்தில் கட்டினேன். சோறு வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோழிக்கால் வைத்தேன், அதையும் பார்க்கவில்லை. மூக்கை வானத்துக்குத் தூக்கி ஒரு ஊளை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை எழுந்து அழுதது.

மத்தியானம் வாணியே அழைத்தார். அவர் கோவையில் விடுதியில் தங்கி ஏதோ படிக்கிறார். விவரம் சொன்னேன்.

“கட்டிப்போட்டா அது சாப்பிடாதுங்க. பட்டினி கெடந்தே செத்துரும். அவுத்து விட்டுருங்க.”

“ஓடிடாதுங்களா?”

“எங்க போகப்போகுது? பாசமான நாயிங்க.”

அவிழ்த்துவிட்டேன். பாசமான நாய் கோழிக்காலைக் கவ்விக்கொண்டு, துணி துவைக்கும் கல்லில் ஏறி, சுற்றுச்சுவர்மேல் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் குதித்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கரட்டூருக்கு மிதித்தேன். நினைத்தது சரிதான். பூட்டிய வீட்டின் கேட் முன்னால் படுத்திருந்தது. நான் வந்ததைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது, அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல. சங்கிலியை மாட்ட எனக்கு வெகுநேரம் பிடித்தது. வெயில் காரணமாக இருக்கலாம்.

வாணியிடம் கிடைத்துவிட்டது என்று சொன்னதும், “அதுக்குள்ளயா?” என்றார். என்னுடைய வேகம் அவருக்கு ஆச்சரியம்.

மார்ச் 11, செவ்வாய்

சங்கிலியில் இருந்தது. ஓடவில்லை. நான் விடுப்பு.

மார்ச் 12, புதன்

வாணி காலையிலேயே அழைத்தார். என்னோடு படித்த சின்னசாமிக்கும் நிச்சயமாகியிருக்கிறது. அவனுக்குப் பார்த்த பெண் வாரத்துக்கு ஒருமுறைதான் பேசுமாம். வாணி தினமும் பேசுகிறார். நாயைப் பற்றித்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே.

பின்னால் யாரோ உரக்கப் படிக்கும் குரல், பஞ்சாயத்து ராஜ், சட்டத்திருத்தம் என்று. விடுதியில் நிம்மதியாக ஒரு போன் பேச வழியில்லை போலிருக்கிறது.

“கேட்டைச் சாத்தியே வெச்சிருக்கீங்களா? அதான் தப்புங். ஒரு சாண் தெறந்து வெச்சுப் பாருங்க. நம்மள நம்பறாங்கன்னு அதுக்கே ஒரு இது வந்துரும். அப்பறம் தொரத்திவிட்டாலும் போகாது.”

மனோதத்துவ ரீதியாக எனக்கு அது சரியாகவே பட்டது. ஒரு சாண் திறந்து வைத்தேன். பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன். கேட் முழுதாகத் திறந்து கிடந்தது.

இன்று கரட்டூரில் இல்லை. தெருத்தெருவாகப் போனேன். நான் கேட்ட விதத்தில்தான் தவறு என்பது பின்னால் தெரிந்தது. டீக்கடையில் நுழைந்து, “கலெக்டரைப் பாத்தீங்களா? இந்தப் பக்கம் வந்தாருங்களா?” என்றேன். பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்த இருவர் எழுந்து நின்றுவிட்டார்கள். டீ மாஸ்டர் கல்லாவுக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் கப்புகளை மறைத்தார். அடுத்த தெருவில் ஒரு அம்மாள், “இருங் சாமி, இருங்!” என்று உள்ளே ஓடி, பட்டா கேட்டு எழுதிய மனுவோடு வந்தார். நான் தேடுவது நாயை என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு! மனுவை வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

கடைசியில் கல்யாண மண்டபத்துப் பந்தியில் இருந்தது. இலைக்கு முன்னால் இல்லை, பரிமாறுகிறவர் பக்கத்தில். சமையல்காரர் அதைப் பெண் வீட்டு நாய் என்று நினைத்திருந்தார், மாப்பிள்ளை வீட்டார் அதைச் சமையல்காரருடையது என்று நினைத்திருந்தார்கள். ஆகவே எல்லோரும் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். என்னையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். சாப்பிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

சுவர்மேல் வேலிக்காத்தான் முள் பரப்பினேன். துணி துவைக்கும் கல்லை நகர்த்தினேன். கேட்டுக்கு அடியில் செங்கல் அடுக்கினேன். கேட்டின் கம்பிகளுக்கிடையே தென்னை மட்டை சொருகினேன். நான் செய்வதையெல்லாம் கலெக்டர் மரத்தடியில் உட்கார்ந்து மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு செங்கல் சரியாக உட்காரவில்லை என்று தோன்றியபோது கொட்டாவி விட்டது.

அம்மாவும் நாயும் ஒன்றாகிவிட்டார்கள். மத்தியானத் தொடர் பார்க்கும்போது நாய் அம்மாவின் காலடியில் படுக்கிறது. அம்மா முறுக்கில் பாதியை உடைத்துப் போடுகிறாள். எனக்கு முழு முறுக்கு கொடுத்து வருடக்கணக்கு ஆகிறது.

வேலையை முடித்து உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள்: “ஏன் கண்ணு, அந்தப் புள்ள ஒவ்வொரு தடவ போன் பண்ணுனதுக்கப்பறமும் நாயி ஓடுதே, நீ அதைக் கவனிச்சியா?”

அம்மாவுக்கு எதிலும் சந்தேகம். பால்காரரில் தொடங்கி பஞ்சாங்கம்வரை. ஏற்கெனவே எனக்கு நிறைய இடம் தட்டிப்போயிருப்பதால் வந்த மனநிலை. நான் எழுந்து போய் அந்தச் செங்கலைச் சரிசெய்தேன்.

மார்ச் 15, சனி

தின்பண்டம் ஏதும் தராமலே கலெக்டர் வந்து என் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. அசைந்தால் கடிக்குமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போனது. அம்மா வந்து, “எந்திரிக்க வேண்டியதுதானே?” என்றாள். பயமாக இருக்கிறது என்றேன். “பயந்தவன் எதுக்குடா அதும் காதைத் தடவிட்டு இருக்கற?” என்றாள். தடவவில்லை, கொசு ஓட்டினேன்.

மாலை காசியிலிருந்து மாமா அழைத்தார். கலெக்டர் சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா, மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று கேட்டார். போனை நாயின் காதில் வைக்கச் சொன்னார். வைத்தேன். அந்தப் பக்கம் கங்கைக்கரை மணியோசை, நடுவே மாமாவின் குரல், “என்ற ராசா, என்ற தங்கம்” என்று. நாய் போனை நக்கியது.

“வாணிகிட்டப் பேசுனீங்களா மாமா?” என்று மரியாதைக்குக் கேட்டேன்.

“அதுக்கென்னுங், ஹாஸ்டல்லதான இருக்குது” என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

நாலு நாளாக நாய் எங்கும் போகவில்லை. இதை வாணியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் புத்தகத்தை டப்பென்று மூடும் சத்தம் கேட்டது.

“கழுத்துப்பட்டை போட்டிருக்கீங்களா?” என்றார் பிறகு.

“ஆமாங். மாமா நம்பர் எழுதுன பட்டைதானுங்.”

“அது... அதுக்கு ஆகாதுங்க. கழுத்துல பொரிப்பொரியா வந்துரும். கழட்டிருங்க.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க யாரு என்ன சொன்னாலும் கேப்பீங்களா?” என்று கேட்டார்.

“நல்லதுன்னாக் கேப்பனுங்” என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமல் வைத்துவிட்டார். எனக்கு நல்ல பெயர் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. பட்டையைக் கழற்றினேன். கழுத்தில் பொரி எதுவும் இல்லை. வருமுன் காப்பது நல்லதுதான்.

மார்ச் 17, திங்கள்

காணவில்லை.

காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கேட்டைத் திறந்தார். சிலிண்டர் உள்ளே வந்தது, கலெக்டர் வெளியே போனது. கரட்டூரில் இல்லை. மண்டபத்தில் இன்று கல்யாணமே இல்லை. தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாகப் போனபோது, வெள்ளை நாயொன்று தண்ணீரில் குதித்துக் கரையேறியதாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். அங்கிருந்து ஈரத் தடம் மஞ்சள் கிழங்குக்குப் பாலீஷ் போடும் கொட்டகைக்குப் போனது. கொட்டகைக்காரர் என்னைப் பார்த்ததும், “உங்க நாயிங்களா?” என்று எரிந்துவிழுந்தார். ஈர நாய் மஞ்சள் தூள் குவியலில் ஏறி ஆனந்தமாகப் புரண்டதாம்.

“வரும்போது வெள்ளையா வந்துதுங். போகும்போது மாரியாத்தா கோயில் நோம்பிக்குப் போற மாதிரி போச்சு.”

அதற்கப்புறம் தடயமில்லை. பொழுது சாய வீடு திரும்பினேன். அம்மா தொலைக்காட்சி போடாமல் வாசலிலேயே நின்றிருந்தாள்.

வாணி அழைத்தார். சொன்னேன். “ராத்திரிக்குள்ள கெடச்சுருமுங், எப்பவும் கெடச்சுருதில்ல” என்றார், ஆனால் பழைய நிதானம் இல்லை.

“இல்லீங். ஊருக்குள்ள ரெண்டு நாளா நாய் புடிக்கற வண்டி சுத்துது. பட்டை இல்லாத நாயெல்லாம் புடிச்சுக் கருத்தடை பண்றாங்க.”

“பட்டையக் கழட்டிட்டீங்களா?” குரல் கீச்சென்று உயர்ந்தது. “நெசமாலுமே கழட்டிட்டீங்களா?”

“நீங்கதானுங்க சொன்னீங்க.”

அவர் அழுவது கேட்டது. நான்தான் ஏதோ தவறாகச் செய்துவிட்டேன் போலிருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

டீ மாஸ்டர்தான் சொன்னார். “மஞ்ச கலர்ல ஒண்ணு நேத்து வண்டில போச்சுங்ளே. ஏதோ கட்சிக்காரங்க பெயிண்ட் அடிச்ச நாயின்னு நெனச்சேன்.”

ஊருக்கு வெளியே இருக்கும் கருத்தடை முகாமுக்குப் போனேன். நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கூண்டுகள், ஒவ்வொரு கூண்டிலும் நான் வருடக்கணக்காகப் பயந்து ஒதுங்கிய முகங்கள். பலது என்னை அடையாளம் கண்டுகொண்டன. எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. நான் நடுவில் நடந்து போனேன். எப்படி நடந்தேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

மருத்துவரின் உதவியாளரிடம், “வெள்ளை ராஜபாளையம், ஆண்” என்றேன். பதிவில் இல்லை என்றார். மஞ்சளாக இருக்கும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மஞ்சளா ஒண்ணு இருக்குது. ஆனா அது ராஜபாளையம்னு நீங்கதான் சொல்றீங்க. அடுத்தது அதும் முறைதான், ஊசி போடப் போறாங்க. உங்க நாயின்னா பேரச் சொல்லிக் கூப்புடுங்க பாக்கலாம்.”

நான் கையை வாயருகே குவித்து உரக்க, “கலெக்டர்!” என்றேன்.

கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த மருத்துவர் சட்டென்று திரும்பினார். ஊழியர் ஒருவர் வாயிலிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினார். இன்னொருவர் துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைக் கூட்டினார். ஆய்வுக்கு யாரும் வரவில்லை என்று அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

நாய் திரும்பவில்லை. மேசைக்குப் பக்கத்தில் கட்டப்பட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மஞ்சள் உடம்பு, பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு மயிரை மழித்திருந்தார்கள். என்மேல் கோபம். நியாயம்தான். நான் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அது பெருமூச்சு விட்டு, தாடையை என் பாதத்தின்மேல் வைத்தது.

உதவியாளர் கட்டை அவிழ்த்தார். “கூட்டிட்டுப் போங்க. பட்டை இல்லாம வெளிய விடாதீங்க. படிச்சவங்களா இருக்கறீங்க.”

ஆட்டோவில் வீடு வந்தேன். வாசலில் வாணி நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் கோவையிலிருந்து வந்திருக்கிறார். நாயைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டார். புடவையெல்லாம் மஞ்சள்.

“நாந்தானுங்க” என்றார் நாயின் கழுத்தில் முகத்தை வைத்தபடியே. “எல்லாம் நாந்தான் பண்ணுனேன்.”

எனக்குப் புரியவில்லை.

“அவுத்து விடச் சொன்னது, கேட்டைத் தெறக்கச் சொன்னது, பட்டை... நாயி தொலஞ்சுதுன்னா அப்பா கண்ணாலத்தை நிறுத்திருவாருன்னு தெரியுமுங். அது எப்படியும் கரட்டூர் ஊட்டுக்குத்தான் போகும், பக்கத்து ஊட்டுல இருக்கற எங்க சித்தப்பா பாத்துக் கட்டி வெச்சுக்குவாருன்னு நெனச்சேன். வண்டி வருமுன்னு நெனக்கலீங்க.”

“கல்யாணம் வேண்டாங்ளா?”

“கலெக்டர் பரீட்சைல பிரிலிம்ஸ் பாஸ் பண்ணிட்டனுங். அப்பாவுக்கே தெரியாது. மெயினும் வைகாசில, கண்ணாலமும் வைகாசில. தேதி குறிக்கறப்ப ஒருத்தராவது எனக்குத் தோதுப்படுமான்னு கேட்டீங்களா?”

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று வாயைத் திறந்தேன். அவர் என்ன படிக்கிறார் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

“நீங்களாவது ஒரு தடவ கோவப்படுவீங்கன்னு பாத்தேன்” என்றார் அழுதுகொண்டே. “என்ன சொன்னாலும் செரிங், செரிங்னா நான் என்னதான் பண்றது?”

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். “மொதல்ல காப்பி குடி அம்மிணி” என்றாள். “குடிச்சுட்டு மிச்சத்தை அழுவலாம்.”

சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

வேலைக்குப் போனேன். மீட்டர் எல்லாம் சரியாக ஓடுகின்றன. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 20, வியாழன்

நாயைப் புளி போட்டுக் குளிப்பாட்டினோம். அம்மா தயிரும் தேய்த்தாள். மஞ்சள் போகவில்லை. அடர்மஞ்சள் இளமஞ்சள் ஆகியிருக்கிறது. “நலங்கு வெச்ச மாப்பிள்ளையாட்ட இருக்குது” என்ற அம்மா, சொன்னபின் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கோபம் என்று சொல்ல முடியவில்லை. அவர் செய்தது தப்புதான். ஆனால் தினமும் வந்த போன் நாயைப் பற்றியதே என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குமேல் நினைத்துக்கொண்டது என் பாடு.

சாயங்காலம் நானே அவருக்கு முதல் தடவையாக அழைத்தேன். “என்ன படிக்கறீங்க?” என்று கேட்டேன். “எதுக்குக் கேக்கறீங்க?” என்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை தாள், எதற்கு எவ்வளவு எழுத வேண்டும், கட்டுரை எழுதினால் கை எப்படி வலிக்கும், அறைத்தோழி தூக்கத்திலும் சட்டத்திருத்தம் சொல்வாள் என்பதெல்லாம். கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த டீ ஆறிப்போனது.

மார்ச் 23, ஞாயிறு

மாமாவும் அத்தையும் நேற்று வந்துவிட்டார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு கரட்டூர் போனேன். வாணியும் வந்திருந்தார். ஆனால் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மாமா கங்கைத் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்தபடியே நாயைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

“ஏனுங் மாப்ள, என்ற நாயி எதுக்கு மஞ்சளா இருக்குது?”

“மஞ்சள்ல பொரண்டிருச்சுங் மாமா.”

“பின்னால பாதியக் காணமே?”

நான் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். “நாய் மூணு தடவ ஓடிருச்சுங். பட்டையக் கழட்டுனது, கேட்டைத் தெறந்தது எல்லாம் நான்தான். எனக்குப் பொறுப்புப் போதாதுங் மாமா. நீங்க கல்யாணத்தை நிறுத்துனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.” இதில் பொய் எதுவும் இல்லை. கழற்றியதும் திறந்ததும் நான்தானே.

மாமாவின் முகம் கறுத்தது. செம்பைக் கீழே வைத்தார். “கருத்தடைக் கொட்டாய் வரைக்கும் போயிட்டு வந்திருக்குது என்ற நாயி! பொள்ளாச்சிக்காரருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? நீயெல்லாம்...”

“அவரைப் பேசாதீங்கப்பா.” வாணி வாசற்படியில் நின்றிருந்தார். “நாந்தான் கழட்டச் சொன்னேன். நாயைத் தொலச்சாக் கண்ணாலம் நிக்குமுன்னு நாந்தான் நெனச்சேன்.” பரீட்சையைப் பற்றியும் சொன்னார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

மாமா அடிக்கக் கை ஓங்குவாரோ என்று நான் ஒரு அடி முன்னால் போனேன். கலெக்டரும் எழுந்து நின்றது. ஆனால் மாமா கையைத் தூக்கவில்லை. “கலெக்டர் ஆவறதெல்லாம் சின்னப் புள்ளைல சொன்னதுதான?” என்றார். “வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு...”

சரசு அத்தை இதுவரை என் எதிரில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியதில்லை. இன்று பேசினார். “நாயிக்கு அந்தப் பேரு வெச்ச அன்னிக்கு இவ ரெண்டு வேளை சோறு திங்கல. நீங்க கவனிக்கல. காசில கங்கைக்கரைல உக்காந்து தெனமும் நாயி தின்னுதா, தூங்குச்சான்னு கேட்டீங்க. புள்ளை தின்னாளான்னு ஒரு நாள் கேட்டீங்களா?”

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நாய் போய் அவர் முழங்காலில் மூக்கை வைத்தது. அதன் காதைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், “பாஸே பண்ணிட்டயா அம்மிணி?” என்று கேட்டார்.

“ஆமாங்ப்பா.”

“எங்கிட்டச் சொல்லவேயில்ல.”

“சொன்னாச் சிரிப்பீங்க.”

மாமா நாயின் காதை விட்டுவிட்டு, “ஊர்ல என்ன சொல்லுவாங்க? தேதி குறிச்ச கண்ணாலம் நின்னுச்சுன்னா...” என்றார்.

“மாப்பிள்ளை நாயைத் தொலச்சுட்டான்னு சொல்லுங் மாமா” என்றேன். “ஊர்ல பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். தெருத்தெருவாக் கேட்டுட்டுத்தான் போனேன்.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாமா என்னை முறைத்தார். “மண்டபத்துக்காரங்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்” என்றார். சம்மதம் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

கிளம்பும்போது வாணி கேட்டுவரை வந்தார். “பரீட்சை முடியறவரைக்கும் கண்ணாலப் பேச்சே வேண்டாங்க. அதுக்கப்பறமும் நான் என்ன சொல்லுவேன்னு இப்பச் சொல்ல முடியாது.”

“செரிங்” என்றேன்.

“பாத்தீங்களா, மறுபடியும் செரிங்.”

“இதுக்கு வேற என்ன சொல்றதுங்க?”

அவர் யோசித்தார். “ஆமா, இதுக்குச் செரிதான்” என்றார்.

வீட்டில் அம்மாவிடம் கல்யாணம் நின்றுவிட்டது என்றேன். அம்மா மரத்தடியில் கிடந்த காலி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, “நாயும் இல்ல, மருமவளும் இல்ல” என்றாள். எனக்கு இன்று முழு முறுக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் கேட்டுக்கு வெளியே பிராண்டும் சத்தம். கலெக்டர். கரட்டூரிலிருந்து தானாகவே வந்திருக்கிறது, கழுத்தில் பட்டையோடு. உள்ளே வரப் பார்க்கிறது, முடியவில்லை. கீழே செங்கல், நடுவே மட்டை, மேலே முள். நான் செய்த வேலை அவ்வளவு நேர்த்தி. அரைநாள் செலவழித்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன்.

மத்தியானம் மாமா வண்டியில் வந்தார். “உள்ள உடாதீங்க மாப்ள, பழகிக்கும்” என்றார். பிறகு நினைவு வந்து, “தம்பி” என்று திருத்தினார். அம்மா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, கிளம்பும்போது, “வரேனுங் மாப்ள” என்றார். இரண்டாவது தடவை திருத்தவில்லை. பொள்ளாச்சிக்காரர் மஞ்சள் நாய் வேண்டாம் என்றுவிட்டாராம். “எனக்கும் அந்த எடம் அவ்வளவாப் புடிக்கல” என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நாய் மறுபடியும் வந்தது. மாமாவும் வந்தார். வாணி இப்போது கரட்டூரிலேயே இருந்து படிக்கிறாராம். அவர் படிக்கும்போது வீட்டில் யாரும் மிக்சி போடக் கூடாது என்று மாமா உத்தரவு. அதனால் இவர்களுக்குக் கொஞ்ச நாளாகச் சட்னி இல்லை. எங்கள் வீட்டில் நாலு இட்லி சாப்பிட்டார்.

மே 31, சனி

இன்றோடு பரீட்சை முடிகிறது என்பது நாள்காட்டியில் நான் குறித்து வைத்ததல்ல. அம்மா குறித்தது.

சாயங்காலம் மீட்டர் நோட்டை வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாணி.

“கலெக்டர் எப்படி இருக்காரு?” என்றார்.

“அவரு உங்க ஊட்லதானுங்க இருக்காரு. முந்தாநாள்தான் மாமா வந்து கூட்டிட்டுப் போனாரு.”

“தெரியுமுங்” என்றார்.

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பரீட்சை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார். கட்டுரைத் தாள் பரவாயில்லை, கடைசித் தாளில் ஒரு கேள்விக்கு நேரம் போதவில்லை, பக்கத்தில் எழுதியவர் மேசையைக் காலால் ஆட்டிக்கொண்டே இருந்தார் என்று. பிறகு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆகவே மீட்டர் பார்ப்பது பற்றிச் சொன்னேன், நாய்க்கு நான் பயப்படுவது பற்றியும் சொன்னேன். “அது எனக்கு மொதல்லயே தெரியுமே” என்றார். “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு சோபா மேல காலைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தீங்களே.” சிரித்தார். நானும்.

போனை வைத்தபோது வாசலில் விளக்குப் போட்டிருந்தார்கள். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“நாயி எப்படி இருக்குதாமா?” என்று கேட்டாள்.

நன்றாக இருக்கிறதாம் என்றேன்.